கிணற்றுக்குப் பதினெட்டு அடி

தோழிகளே, நம் வயதுக்காரர்கள் எல்லாம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாம் மட்டும் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம். நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் இரண்டு மாதமாக வேறு பேச்சே இல்லை. ஒருத்தி சென்னையை விட்டுவிட்டு ஆரணிக்கே திரும்பி, ஓட்டுக் கூரையும் முற்றமுமாகக் கட்டுகிறாள். இன்னொருத்தி சிமெண்டே ஆகாது, சுண்ணாம்புதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மழைத் தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில், குளித்த தண்ணீர் எந்த வாழைக்கு என்று தினமும் படம் வந்து விழுகிறது. எல்லாவற்றையும் பார்க்கிறேன். கட்டைவிரலைக் கூடத் தூக்கிக் காட்டாமல் மூடி வைத்துவிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள்.

போன வாரம் உங்களில் ஒருத்தி குரல்செய்தி அனுப்பினாள். எங்கள் தெருவில் எதிர் வரிசையில் இருந்தவள். "உங்க அப்பா கட்ன வூட்ல ஒரு குழி இருந்துச்சே, அழுக்குத் தண்ணியெல்லாம் அதுல எறங்கி சுத்தமாயி கெணத்துக்கே போவுமே. அதப் பாத்துத்தான் எங்க அப்பாவும் எங்க வூட்ல வெட்னாரு. என் பொண்ணுக்குக் கட்ற வூட்ல அதே மாதிரி வைக்கணும்டி. மாசமா இருக்கிறா, கொழந்த வர்றதுக்குள்ள குடிபோயிடணும். அந்த அளவு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருக்கிறது. அந்தக் குழியின் அகலம், ஆழம், உள்ளே எது கீழே எது மேலே என்பது வரை எல்லாம் இருக்கிறது. அந்தச் செய்தியை ஏழெட்டுத் தடவை கேட்டேன். பிறகு போனை அடுப்பங்கரையிலேயே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். பதிலைப் பேசி அனுப்பினால் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாருக்கும் எழுதுகிறேன், ஆனால் அவளுக்குத்தான்.

உங்களுக்குத் தெரிந்த என் அப்பா, கை இரண்டும் முழங்கை வரை கலர் ஏறிய மனிதர். ஊரில் நெய்கிறவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருந்தார்கள். பட்டுக்குச் சாயம் போடத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். சிட்டம் சிட்டமாக வெள்ளைப் பட்டு நூலை வாங்கி, கஞ்சி போகக் காய்ச்சி, செப்பு அண்டாவில் கலர் ஏற்றி, கழியில் கோத்து உலர்த்திக் கொடுப்பார். சாயக்காரன் வீட்டில் யாருடைய நகமும் வெள்ளையாக இருக்காது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் பச்சை நகத்தோடும் ஒரு நாள் ஊதா நகத்தோடும் வருவேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது நாங்கள் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். ஆறு குடும்பத்துக்கு ஒரு கிணறு. மாசி பிறந்தால் அதில் வாளி தரையைத் தட்டும். அப்புறம் தெருக்கோடிக் குழாய்தான். அம்மா ஏழு மாதக் கர்ப்பத்தோடு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். குழந்தை போய்விட்டது. பையன். குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நெளிவு விழுந்தது. பாத்திரக்காரன் வந்தபோது அதைத் தட்டி எடுக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே நீ இடுப்புல கொடம் வைக்கக் கூடாது. நம்ம வூட்ல நம்ம தண்ணி இருக்கும். பங்குனியில கூட இருக்கும்" என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். அதுதான் எங்களுக்கு நேர்ந்த கதை.

மறு வருஷமே மனை வாங்கி வேலை ஆரம்பித்தார். கிணறு வெட்டி முடித்துவிட்டுத்தான் வாசக்கால் வைக்க வேண்டும் என்றார். கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் தகரக் குழாயில் இறங்கி ஒரு தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. இதெல்லாம் இன்று நீங்கள் அனுப்புகிற படங்களில் இருப்பதுதான். ஆனால் அப்பாவுக்கு அது போதவில்லை. பட்டு அலசிய தண்ணீர், அண்டாவில் மிஞ்சிய சாயத் தண்ணீர், குளித்த தண்ணீர், புதிதாகக் கட்டிய கக்கூஸ் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர், எதுவும் வீணாகக் கூடாது. "ஒரு சொட்டு வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அதற்குத்தான் குழி. ஆறடி நீளம், நாலடி அகலம், எட்டடி ஆழம். கீழே செங்கல் உடைசல், அதற்கு மேல் ஆற்று மணல், அதற்கு மேல் களம்பூர் ரைஸ்மில்லிலிருந்து மாட்டு வண்டியில் வந்த உமிக்கரி, மறுபடி மணல். கிணற்றிலிருந்து பதினெட்டு அடி தள்ளி. கயிறு பிடித்து அளந்தபோது மறுமுனையைப் பிடித்தவள் நான்தான்.

மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வயதானவரில்லை, அப்பாவைவிடச் சின்னவர்தான். "அண்ணே, கக்கூஸ் தண்ணிய கெணத்தாண்ட விடறது எனக்கு சரியாப் படல. அந்தக் கோடியில வெட்டிக்கலாமே."

"அங்க வெட்டுனா கெணத்துக்கு இன்னா லாபம்? ஊறி வரணும்பா. கரியும் மணலும் எதுக்கு இருக்குது?"

"கரி கலரைத்தானேண்ணே புடிக்கும்?"

"கலர் போச்சுன்னா அழுக்கு போச்சு. நான் இருவது வருசமா தண்ணியோட பொழங்கினு இருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி குறித்த இடத்திலேயே மண்வெட்டியைப் போட்டார். அப்பா சொன்னது பொய்யில்லை. சாயக்காரன் தண்ணீரைப் பார்ப்பது நிறத்தை வைத்துத்தான். அலசிய தண்ணீரில் கலர் இறங்காமல் வந்தால் பட்டு சுத்தம். அண்டாவில் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுக்க நூலுக்கு ஏறிவிட்டது. பிழைப்பு முழுக்க அந்த ஒரு அறிவில் ஓடியது, அதில் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று வேடிக்கை காட்டினார். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் கரியும் மணலும் நிரப்பி, முக்காலிமேல் வைத்து, அண்டாவிலிருந்து ஒரு சொம்பு அரக்குச் சாயத் தண்ணீரை மேலே ஊற்றினார். எல்லாரும் இலையைக் கூட மறந்து நின்று பார்த்தார்கள். கீழே வைத்த கண்ணாடி டம்ளரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது தெளிந்த தண்ணீர். அப்பா அதைத் தூக்கி வெயிலில் காட்டிவிட்டுக் குடித்தார். கை தட்டினார்கள். எதிர் வரிசைக்காரியே, உன் அப்பா அடுத்த டம்ளரை வாங்கிக் குடித்தார், உனக்கு நினைவிருக்கும். நீ என் பக்கத்தில் ஜிலேபியோடு நின்றிருந்தாய். மேஸ்திரிக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். அவர் வாங்கி, வாழைக்கு ஊற்றிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்தப் பங்குனியில் எங்கள் கிணற்றில் எட்டு படி மூழ்கியிருந்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அந்தத் தண்ணீரில் பட்டு முன்னைவிட மினுமினுத்தது என்று நெய்கிறவர்கள் சொன்னார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் அப்பாவைக் கூட்டிப் போய்த் தங்கள் கொல்லையில் அதே மாதிரி குழிக்கு இடம் குறித்துக்கொண்டார்கள். ஒன்று உன் வீடு. உங்கள் கொல்லை குறுகல். உங்கள் கிணற்றுக்கும் குழிக்கும் பதினோரு அடிதான் கிடைத்தது. போதும் என்றார் அப்பா.

அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். வாளியைக் கூட அம்மாவைத் தொட விடமாட்டாள். நெளிந்த குடம் பரணுக்குப் போயிற்று. அம்மா கிணற்றடியில் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஐந்தாறு மாதம்தான்.

புரட்டாசியில் தம்பி பிறந்தான். நல்ல ரோஸ் நிறம். அந்த வருஷம் அடைமழை. தகரக் குழாய்களில் தண்ணீர் இரைந்து கொட்டியது, குழி நிரம்பி மேலே ஈரம் பூத்துக்கொண்டே இருந்தது, கிணறு கை எட்டுகிற தூரத்துக்கு ஏறி வந்துவிட்டது. அப்பா சின்னப் பையன் மாதிரி அதில் குனிந்து கையை விட்டு அளைவார். தண்ணீர் அத்தனை தெளிவு. ஏழெட்டு அடி ஆழத்தில் விழுந்த ஐந்து பைசாவை நான் மேலிருந்தே பார்த்திருக்கிறேன்.

பதினைந்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. டப்பாப் பால்மாவு வாங்கி வந்தார்கள். அத்தை சுத்தக்காரி. கிணற்றுத் தண்ணீரை ஒரு கொதி விட்டால் போதாது அவளுக்கு, மூன்று கொதி விட்டுப் பாதியாகச் சுண்டிய பிறகுதான் மாவைக் கரைப்பாள். "பச்சப் புள்ளைக்குப் பச்சத் தண்ணி குடுக்கக் கூடாது" என்பாள். அந்தப் பாத்திரம், மூடி தொங்குகிற சின்ன எவர்சில்வர் தூக்கு, இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அத்தை கத்தினாள். "யாருடி புள்ளைய சாயக் கையோட தொட்டது?"

தம்பியின் நகங்கள் நீலமாக இருந்தன. பத்து விரலும். உதட்டோரத்திலும் லேசாகப் பூசியது போல ஒரு நிறம். வீட்டில் யாரும் பயப்படவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன். வேறு எந்த வீடாக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் நீல நகம் ஒரு விஷயமே இல்லை. என் முதுகில் ஓர் அடி விழுந்தது, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை அரிந்து கொண்டு வந்தாள் அத்தை. சாயக் கறை போக நாங்கள் எல்லாரும் தேய்ப்பது அதைத்தான். ஒன்றரை மாதக் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தாள். அம்மா தேங்காயெண்ணெயை விரல் நுனியில் தொட்டு அவன் உதட்டைத் துடைத்தாள். அவன் அழவே இல்லை. முனகினான். நிறம் போகவில்லை.

நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். சாயக் கொட்டகையில் கழி பிடிக்கிறவள் நான்தான். அந்த வாரம் நாங்கள் காய்ச்சியது அரக்கு. அதற்கு முந்தின வாரமும் அரக்கு, கல்யாண ஆர்டர். என் கையைத் திருப்பிப் பார்த்தேன். நகம் முழுக்க அரக்கு. அப்பா கை அரக்கு. நீல அண்டா துடைத்துக் கவிழ்த்து வைத்தது வைத்தபடி இருந்தது.

கொட்டகைக்குப் போய், "அப்பா, நாம இப்ப நீலமே காய்ச்சலியே" என்றேன்.

அப்பா அண்டாவைக் கிளறுவதை நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். "போன மாசத்து நீலம் துணியில நின்னுகினு இருக்கும். தொட்டில் துணிய மாத்தச் சொல்லு, போ" என்றார். தொட்டில் துணியை மாற்றினோம். கழற்றியது வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டு, அதில் எந்தக் கலரும் இல்லை. அதையும் நான் பார்த்தேன். திரும்பிப் போய் அதைச் சொல்லவில்லை.

நாலைந்து நாளில் தம்பி பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கித் தூங்கிப்போக ஆரம்பித்தான். உள்ளூர் வைத்தியர் வந்து பார்த்தார். சாய நெடி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் வேறு இடத்தில் வையுங்கள் என்றார். அம்மாவும் தம்பியும் கலசப்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைக்கிற தண்ணீர்தான் குடிக்க. மூன்றாம் நாளே பிள்ளை தேறிவிட்டான் என்று மாமா ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். தம்பியின் நகங்கள் ரோஜா இதழ் நிறத்தில் இருந்தன. அப்பா அந்த விரல்களைத் தொடவே இல்லை. தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே அப்பா தொழிலை விட்டார். விட்டார் என்றால் அப்படியே விட்டார். செப்பு அண்டாக்கள் ஐந்தையும் வந்தவாசிக்காரர் ஒருவர் வண்டி வைத்து ஏற்றிப் போனார். கழிகளை அடுப்புக்கு ஒடித்தார். கொட்டகையைக் கழுவி, மூன்று தடவை சுண்ணாம்பு அடித்து, அதிலேயே தொட்டில் கட்ட ஆணி அடித்தார். பீடத்தில் இருந்து இறங்கிய சாமி மாதிரி வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். கூலிக்குத் தறி நெய்யப் போவதாக முடிவு. "எனக்குப் புள்ளதான் வேணும், கலரு வேணாம்" என்றார் அத்தையிடம். அத்தை அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவையும் விட்டவர் குழியை மட்டும் விடவில்லை. அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சுத்தமான வீட்டுக்குத் தம்பியை அழைத்து வந்தோம். வாசலில் ஆரத்தி எடுத்து, கிணற்றுத் தண்ணீரால் அவன் காலைக் கழுவினாள் அத்தை. அன்றைக்கே தூக்கில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. ஒரு கொதி, இரண்டு கொதி, மூன்று கொதி.

ஆறாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். தொட்டிலை விலக்கிப் பார்த்தேன். அவன் முகமே சாம்பல் பூத்து, உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. வீட்டில் ஒரு துளி சாயம் இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டே அம்மா ஓடி வந்தாள்.

அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பின்னாலேயே அம்மாவும் நானும். வேலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அப்பா டிரைவரிடம், "ஜல்தி போங்கண்ணே, ஜல்தி போங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், மீசை கூடச் சரியாக முளைக்காதவர், தம்பியின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றினார். பக்கத்தில் தன் விரலைக் குத்தித் தன் ரத்தத்தையும் ஒற்றினார். அப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினார். டாக்டருடையது சிவப்பு. தம்பியுடையது காப்பிக் கஷாய நிறம். காற்றில் பிடித்து ஆட்டியும் அது மாறவில்லை. அப்பாவுக்குக் கலரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க? பாலா, தண்ணி கலந்தா? எந்தத் தண்ணி?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் கிணறு என்றோம். கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். பதினெட்டு அடி என்றேன். டாக்டர் பேனாவை மூடினார். கக்கூஸ் தண்ணீரில் இருந்து நிறமும் வாசனையும் இல்லாத ஒரு உப்பு இறங்கும், கரியோ மணலோ அதைப் பிடிக்காது, காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும், பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் ரத்தத்தை மட்டும் அது மூச்சுப் பிடிக்க விடாமல் கெடுத்துவிடும் என்றார். மூன்று கொதி விட்ட அத்தை அன்று அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு நர்ஸ் ஒரு ஊசியை எடுத்து வந்தாள். அதற்குள் இருந்த மருந்தைப் பார்த்ததும் அப்பா எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார். அந்த மருந்து நீலம். அடர் நீலம்.

"இது சாயம் சார். எனக்குத் தெரியாதா? இத்தப் புள்ள ஒடம்புல ஏத்துவீங்களா? அதனாலதானே சார் நான் எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தேன்."

"சாயம்தான். மருந்தும் இதுதான். கையை விடுங்க, நேரமில்ல."

அப்பா விடவில்லை. அவர் கையில் அரக்கு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை, டாக்டரின் வெள்ளைச் சட்டைக் கைமேல் அது அப்படித் தெரிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றே நினைத்தேன். எங்கள் வீட்டில் அவர் சொன்னதை மறுத்து யாரும் பேசியதில்லை.

அம்மா தம்பியைக் கொண்டுபோய் மேஜைமேல் கிடத்தினாள். "கைய எடுங்க" என்றாள்.

"ஏய், உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரிஞ்சது போதும். கைய எடுங்க."

அப்பா எடுத்தார். அந்த நீலம் உள்ளே இறங்கியது. அரைமணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒரு கையளவு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உதட்டின் நடுவில் முதலில் சிவப்பு வந்தது. அது மெதுவாகப் பரவியது. நூலுக்குக் கலர் ஏறுவதை ஆயிரம் தடவை பார்த்த மனிதர், அன்று சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

என் தம்பி பிழைத்தான். இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். அவனுக்கு இது எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கிணற்றை மூடிக் கருங்கல் பலகை போட்டார். கிணற்றுப் பாறையில் வெடிப்பு, தண்ணீர் உப்பாகிவிட்டது என்று தெருவில் சொன்னார். எங்களை உட்காரவைத்து, "வெளிய ஒரு பேச்சு போவக் கூடாது. என்ன நம்பி மூணு வூட்ல வெட்டிகினு இருக்கிறாங்க" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அவங்களுக்குச் சொல்லிடுங்களேன்" என்றாள். "சொல்றேன். பதமாச் சொல்றேன்" என்றார்.

பரணிலிருந்து நெளிந்த குடம் இறங்கியது. அம்மா மறுபடியும் தெருக்கோடிக் குழாயடிக்கு நடந்தாள். கொஞ்சம் உப்பானால்தான் என்ன, வீட்டில் தண்ணீர் ததும்பும் கிணற்றை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாளே, இதென்ன பேஜாரு பிடித்த பிடிவாதம் என்று நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டீர்கள். உன் அம்மா நேரிலேயே கேட்டாள். அம்மா சிரித்து மழுப்பினாள். அந்த நெளிவு சரியாக அவள் இடுப்பில் பொருந்தும்.

இனி எழுதுவது உனக்கு மட்டும், எதிர் வரிசைக்காரியே.

அடுத்த வருஷம் கார்த்திகையில் உனக்கு ஒரு தம்பி பிறந்தான், அவனுக்கும் டப்பாப் பால்தான். எங்கள் அப்பா அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார், உங்கள் வாசல் வரை போய்விட்டு வேறு ஏதோ பேசிவிட்டு வருவார். அம்மா தினமும் ஒரு குடம் குழாய்த் தண்ணீரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "கொழந்தைக்கு இதக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். காரணம் சொல்ல முடியவில்லை, புருஷன் வாயைக் கட்டியிருந்தார். நாலாம் நாள் உன் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், எங்க கெணத்துல தண்ணி இல்லியா?" என்று அந்தக் குடத்தை எங்கள் எதிரிலேயே வாசலில் கொட்டிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை நீயும் நானும் உங்கள் வீட்டுக் கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தோம். உன் தம்பி தொட்டிலில் இருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். அவன் கை வெளியே தொங்கியது. உங்கள் வீடு நெய்கிற வீடு, சாயம் போடுகிற வீடு இல்லை. அவன் நகம் நீலமாக இருந்தது.

நான் பார்த்தேன். அது என்ன என்று அந்தத் தெருவில் அன்று எனக்குத் தெரிந்தது போல் யாருக்கும் தெரியாது. உன் ஆட்டம் வந்தது, நீ என்னைக் கூப்பிட்டாய். வந்து உட்கார்ந்தேன். ஆடினேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்பா, "நாளைக்குக் காத்தால போயி சொல்லிடறேன்" என்றார்.

ஞாயிறு காலையில் உங்கள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். அப்பா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு எங்கள் குழியை உடைத்தார். அன்றைக்கே மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னார். அவர்கள் காறித் துப்பிவிட்டுக் குழியை மூடினார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த உங்களிடம் சொல்ல மனமில்லாமல் வாயையும் மூடிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக் குழியில் கல் வந்து அடைத்துக்கொண்டது என்று பொய் சொல்லி, அவரே இறங்கி அதைக் கெடுத்துவிட்டு வந்தார், உன் அப்பா நன்றி சொன்னார். உங்களிடம் மட்டும் கடைசிவரை அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அம்மா அதன் பிறகு அவரோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். குழாய் வீட்டுக்குள் வந்த பிறகும், சாகிறவரைக்கும் தெருக்கோடிக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தாள்.

நீ இத்தனை வருஷமாக என் அப்பாவை மெச்சிப் பேசும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் செய்தது தெரியாமல் செய்த தப்பு, பிறகு தெரிந்தும் செய்த தப்பு. நான் செய்தது இரண்டாவது மட்டும்தான்.

அளவு கேட்டாய். உன் பெண் வீட்டுக்கு மாடித் தண்ணீரைப் பிடி, தாராளமாகப் பிடி. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விடு. கக்கூஸ் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாதே, எத்தனை அடி தள்ளினாலும் விடாதே. குழந்தை வருவதற்குள் தண்ணீரைச் சோதனைக்குக் கொடு. தெளிவாக இருக்கிறது, இளநீர் மாதிரி இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதே.

இதைப் படித்தபின் நீ என்னோடு பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழியை மட்டும் வெட்டாதே.